நடுக்கடலில் 180 டன் இறக்க வேண்டும்: ஒரு நங்கூரம் போதுமா, நாலு வேண்டுமா?

தேவகோட்டைத் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் தேவகோட்டை, வயது 27. நாலு வருடமாக முப்பந்தல், கயத்தாறு பக்கம் காற்றாலை நிறுத்தும் கிரேன்களில் வேலை பார்த்தேன். ஸ்லிங் (சரக்கைக் கட்டித் தூக்கும் கயிறு) கணக்கு, கிரேன் சாயும் கணக்கு, எவ்வளவு காற்று அடித்தால் தூக்கக் கூடாது என்பதெல்லாம் தரையில் எனக்கு அத்துப்படி. இப்போது வேறு கம்பெனி. முதல் வேலையே கடலில் வந்திருக்கிறது.

வேலை இதுதான். கிழக்குக் கரையில் ஒரு சிறு துறைமுகம். கனரகச் சரக்குக் கப்பல் உள்ளே வர ஆழம் போதாது, அதனால் வெளியே நிற்கும். கப்பலின் இரண்டு கிரேனும் சேர்ந்து ஒரு டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிப் பக்கத்தில் நிற்கும் பார்ஜில் (சரக்கு மிதவையில்) வைக்க வேண்டும். எடை 180 டன். அப்படி மொத்தம் ஆறு. பார்ஜ் 90 மீட்டர் நீளம், 27 மீட்டர் அகலம், தட்டைத் தளம். அந்த இடத்தில் ஆழம் 18 மீட்டர். மேலே இரண்டு மூன்று மீட்டர் சேறு, அடியில் மணல் என்று அறிக்கை சொல்கிறது. பிப்ரவரி கடைசியில் தேதி வைத்திருக்கிறார்கள்.

கூட்டத்தில் இரண்டு பேச்சு. எங்கள் மேலாளர், "கப்பல் தன் நங்கூரத்தில் நிற்கட்டும், பார்ஜைக் கப்பலோடு கட்டிவிட்டால் முடிந்தது" என்கிறார். பார்ஜ்காரரோ நாலு பக்கமும் நங்கூரம் பாய்ச்சாமல் வேலையைத் தொடமாட்டேன் என்கிறார். நாலு நங்கூரம் என்றால் அதைப் போட்டு எடுக்கத் தனி டக் (இழுவைப் படகு) வேண்டும், ஒன்றிரண்டு நாள் வாடகை கூடும். தூக்கும் வேலைக்கு மேற்பார்வை நான். அதனால் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

ஒரு நல்ல சங்கிலி 180 டன்னைத் தாங்காதா? அறுந்துவிடும் என்ற பயம்தானா, வேறு காரணம் இருக்கிறதா? புத்தகத்தில் ஃபார்முலா கிடைக்கிறது. எதற்காக என்பது பிடிபடவில்லை. பொங்கலுக்கு வந்தவன் இன்னும் பத்து நாள் ஊரில்தான் இருப்பேன். கடலில் கை வைத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பள்ளத்தூர் ஆங்கர் ஃபோர்மேன்:

தம்பி, நான் 1986-ல் பம்பாய்க்குப் போய்க் கலாசியாகச் சேர்ந்தவன். 2017-ல் ஓய்வு பெற்றுப் பள்ளத்தூர் வந்துவிட்டேன். கடைசிப் பதினாலு வருடம் நங்கூரம் போடுவதும் எடுப்பதும்தான் என் வேலை. கேட்டதற்கு நிதானமாகவே பதில் எழுதுகிறேன். நீங்களும் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் அந்த 180 டன்னை நங்கூரத்தின் தலையிலிருந்து இறக்கி வைத்துவிடுங்கள். நங்கூரம் எடையைத் தாங்குவதே இல்லை. எடையைத் தாங்குவது தண்ணீர். 90-க்கு 27 பார்ஜ் ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் ஏறக்குறைய 25 டன்னைத் தாங்கும். உங்கள் டிரான்ஸ்ஃபார்மரை நடுவில் வைத்தால் ஏழு சென்டிமீட்டர் அமிழும், அவ்வளவுதான். தளத்தில் நிற்பவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

நங்கூரத்துக்கு வரும் பாரம் காற்றாலும் நீரோட்டத்தாலும் அலையின் தள்ளலாலும் வருவது. காற்றாலைக்காரரான உங்களுக்குக் காற்றுதான் பெரிதாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 15 மீட்டர் காற்று பார்ஜின் பக்கவாட்டில் அடித்தால், தண்ணீருக்கு மேலே தெரியும் பரப்பையும் மேலிருக்கும் சரக்கையும் சேர்த்து ஆறேழு டன் தள்ளும். அதே பார்ஜ் மூன்று மீட்டர் அமிழ்ந்து நிற்கிறது, நீரோட்டம் விநாடிக்கு ஒரு மீட்டர், அதாவது மனிதன் மெதுவாக நடக்கிற வேகம். அது பக்கவாட்டில் வந்தால் பதினாலு டன். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் நாலு மடங்கு. கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிற தண்ணீர்தான் உங்கள் பெரிய பாரம்.

இருந்தாலும் இந்தக் கணக்கை ஒரு நல்ல நங்கூரம் தாங்கிவிடும். அதுவரை உங்கள் மேலாளர் சொல்வது சரி. பிறகு எதற்கு நாலு? கப்பலின் முகத்துக்காக.

ஒரு நங்கூரத்தில் நிற்கும் கப்பல் முளைக்குச்சியில் கட்டிய மாடு மாதிரி. காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் சுற்றி நிற்கும். முகம் காற்றையோ நீரோட்டத்தையோ பார்த்திருக்கும். ஆனால் பெருங்கடலிலிருந்து நீண்டு வருகிறதே ஒரு எழும்பல், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி என்றோ அடித்த புயலில் பிறந்தது, அதற்கும் இங்கே அடிக்கும் காற்றுக்கும் சம்பந்தமே கிடையாது. காற்று கிழக்கே இருக்கும், எழும்பல் தெற்கிலிருந்து வரும். கப்பல் கிழக்கைப் பார்த்து அழகாக நிற்கும், எழும்பல் விலாவில் வந்து மோதும். விலாவில் வாங்கினால் கப்பல் உருளும். கப்பல் பெரிது, மெதுவாக உருளும். பார்ஜ் சின்னது, வெடுக் வெடுக்கென்று உருளும். இரண்டுக்கும் நடுவே கொக்கியில் உங்கள் 180 டன்.

இங்கே ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு வளவில் தொங்கும் ஊஞ்சலுக்குச் சங்கிலி குட்டை, சுருக்காக ஆடும். கிரேன் முனையிலிருந்து சரக்கு வரை 25 மீட்டர் கம்பி தொங்கினால் ஒருமுறை போய்வர ஏறக்குறைய 10 விநாடி ஆகும். 9 மீட்டர் தொங்கினால் 6 விநாடி. கடலில் வரும் எழும்பலும் அதே 8, 10, 12 விநாடியில்தான் வரும். ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை அது திரும்பும் நேரம் பார்த்து ஒரு விரலால் தள்ளினால் போதும், ஏறிக்கொண்டே போகும். கப்பலின் உருளல் அந்த விரல். சரக்கு 180 டன் எடையுள்ள குழந்தை. தரையில் உங்கள் கிரேன் நிற்கும் இடம் ஆடாது, அதனால் இந்தப் பாடம் உங்களுக்கு வந்திருக்காது.

1998-ல் கட்ச் வளைகுடாவில் ஒரு வேலை. கம்பெனிப் பெயர் வேண்டாம். 60 டன் பம்ப் செட் ஒன்றைக் கப்பலிலிருந்து பார்ஜுக்கு இறக்கினோம். ஒரே நங்கூரம். காலையில் எல்லாம் நன்றாக இருந்தது, கப்பல் முகம் எழும்பலுக்கு நேராக இருந்தது. அந்த வளைகுடாவில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திரும்பும். சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கலாம் என்று மேலே உத்தரவு. தூக்கி வெளியே எடுத்து முக்கால் தூரம் இறக்கிய நேரத்தில் நீரோட்டம் திரும்பியது. கப்பல் மெல்லச் சுற்றத் தொடங்கியது. யாரும் எதுவும் தவறாகச் செய்யவில்லை, கடல் தன் நேரத்துக்குத் திரும்பியது. கால் மணி நேரத்தில் எழும்பல் விலாவுக்கு வந்துவிட்டது. சரக்கு ஆட ஆரம்பித்தது. ஆட்டத்தை அடக்க இரண்டு பக்கமும் பையன்கள் டாக் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். ஒருவன் கயிற்றைக் கிளீட்டில், அதாவது தளத்தில் கயிறு கட்டும் இரும்புக் கொம்பில், ஒரு சுற்றுச் சுற்றியிருந்தான். புதுவயல் பையன், 22 வயது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அவனை டக்கில் ஏற்றிக் கரைக்கு அனுப்பும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குச் சொல்லாதீங்கண்ணே" என்றான். இன்றைக்கும் யாராவது 'ஒரு நங்கூரம் போதும்' என்றால் எனக்கு அந்தக் கைதான் கண்ணில் வருகிறது.

உங்கள் வேலைக்கு வருகிறேன். பார்ஜ்காரர் கேட்கும் நாலும் பாதிதான் சரி. பார்ஜ் நாலு நங்கூரத்தில் அசையாமல் நின்று, கப்பல் ஒரு நங்கூரத்தில் சுற்றினால் நடுவில் இருக்கும் கட்டுக்கயிறு எல்லாம் தெறித்துவிடும். கப்பலையும் பார்ஜையும் சேர்த்து ஒரே பொருளாக நினைத்து, அந்த ஒரு பொருளுக்கு நாலு போடுங்கள். கப்பல் தன் இரண்டு முன் நங்கூரத்தையும் விரித்துப் போடட்டும். பின்னால் வலமும் இடமுமாக இரண்டு நங்கூரத்தை டக் முன்கூட்டியே போட்டு, பாயோடு (buoy, கயிறு கட்டும் மிதப்பு) விட்டுவைக்கட்டும். கப்பலின் பின்பக்கக் கயிறுகளை அந்தப் பாய்களில் கட்டிவிட்டால் முகம் நீங்கள் வைத்த திசையில் நிற்கும். முகத்தை எழும்பலுக்கு நேராக வையுங்கள். பார்ஜ் எந்தப் பக்கம் காற்றும் சிற்றலையும் மறைகிறதோ அந்தப் பக்கம் நிற்கட்டும்.

ஒரே ஒரு தூக்கு என்றால் ஒரு நங்கூரம் போட்டு, கப்பலின் வாலை டக் இழுத்துப் பிடிக்கச் சொல்லி முடித்துவிடலாம். பலமுறை செய்திருக்கிறோம். ஆறு தூக்கு, மூன்று நாலு நாள் என்றால் டக் அப்படியே இழுத்துக்கொண்டு நிற்காது. சுக்கான் பிடிப்பவனும் மனிதன்தானே.

பின் நங்கூரங்கள் என்ன வகை, அதன் வெட்டும் கோணம் என்ன என்று கேட்டுச் சொல்லுங்கள். மேலே சேறு, அடியில் மணல் என்கிறீர்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

தொண்டிக்கரை:

அண்ணன் எழுதியதில் ஒரு எழுத்து மாற்ற வேண்டியதில்லை. நான் தொண்டி, மூன்று தலைமுறையாகப் படகு. எங்கள் பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், சராசரி ஒன்பது பத்து மீட்டர்தான். அதனால் பெரிய எழும்பல் எங்களிடம் வந்து சேராது. தம்பியின் வேலை விரிகுடாவுக்கு வெளியே என்றால் அது வேறு கடல். எங்கள் ஆட்கள் தெற்கே தொழிலுக்குப் போனால் முதல் நாளே வித்தியாசத்தைச் சொல்வார்கள்.

பிப்ரவரி கடைசி நல்ல நேரம். வாடை ஓய்ந்து, சோழகம் என்னும் தெற்குக் காற்று இன்னும் தொடங்காத இடைவெளி. ஆனால் ஒன்று. அந்த மாதத்தில் விடியற்காலை கரையிலிருந்து காற்று, வெயில் ஏறினால் கடலிலிருந்து காற்று. ஒரு நங்கூரத்தில் நிற்கும் படகு காலையில் அணியத்தை, அதாவது முன்முனையை, மேற்கே வைத்திருக்கும், மத்தியானம் கிழக்கே திருப்பிவிடும். நாங்கள் தினமும் பார்ப்பது. உங்கள் கப்பலும் அதையேதான் செய்யும்.

அடியில் என்ன இருக்கிறது என்பதை அறிக்கையை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். அறிக்கைக்காரர் துளை போட்ட இடம் ஒன்று, நீங்கள் நங்கூரம் போடும் இடம் இன்னொன்று. பழைய ஆட்கள் ஆழம் பார்க்கும் ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி வைத்து அதில் கொழுப்பை அப்பியிருப்பார்கள். குண்டு தரையைத் தொட்டு மேலே வந்தால் மணலா, சேறா, சிப்பியா என்று ஒட்டிக்கொண்டு வரும். எதுவுமே ஒட்டாமல், கொழுப்பில் தடம் மட்டும் விழுந்து வந்தால் பாறை, அங்கே போடமாட்டார்கள். இப்போது கருவிகள் உண்டு, ஆனாலும் நாலு இடத்திலும் ஒரு கைப்பிடி மண் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம் சொல்ல ஆசை. தூத்துக்குடியில் ஆழ்கடல் துறைமுகம் வந்தது 1974-ல். அதுவரை பெரிய கப்பல் எல்லாம் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளித்தான் நங்கூரம் போடும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். என் தாத்தாவின் அண்ணன் ஒரு தோணியில் தண்டல், அதாவது தோணித் தலைவர். கப்பலோடு தோணியைக் கட்டும்போது கயிற்றை விறைப்பாகக் கட்டினால் திட்டுவாராம். தோணி கப்பலோடு ஏறி இறங்க இடம் கொடு, ஆனால் விலகிப் போகவிடாதே என்பாராம். நீளமான கயிறு, முன்னும் பின்னும் குறுக்காக. உங்கள் பார்ஜுக்கும் அதுதான் என்று நினைக்கிறேன், அண்ணன் சொல்லட்டும்.

கண்டனூர் சிங்கப்பூர்:

நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறேன். ஒரு சந்தேகம். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே உந்திகளை இயக்கிக் கப்பலை ஒரே இடத்தில் நிறுத்துகிறதே, டிபி என்று. 2019-ல் ஸ்லைப்னிர் என்ற கிரேன் கப்பல் இஸ்ரேலுக்கு வெளியே லெவியதான் எரிவாயுத் தளத்தின் மேற்கட்டு ஒன்றை, 15,300 டன்னை, ஒரே தூக்கில் வைத்தது. அந்தக் காலத்தில் நங்கூரத்தோடு இவ்வளவு பாடு எதற்கு?

பள்ளத்தூர் ஆங்கர் ஃபோர்மேன்:

கண்டனூர்த் தம்பி, நல்ல கேள்வி. ஆழம் ஆயிரம் மீட்டருக்கு மேல் என்றால் நங்கூரத்தை விட டிபி நல்லது. 18 மீட்டரில், தட்டைப் பார்ஜுக்கு உந்தியே கிடையாது. 1985-ல் கட்டிய தியால்ஃப் என்ற கிரேன் கப்பலைப் பாருங்கள். இரண்டு கிரேனும் சேர்ந்து 14,200 டன் தூக்கும். அதில் டிபியும் உண்டு, ஒவ்வொன்றும் 22.5 டன் எடையுள்ள 12 நங்கூரமும் உண்டு. இடத்தைப் பார்த்து எதை எடுப்பது என்று முடிவு செய்வார்கள்.

இரண்டுக்குமே ஒரு எல்லை இருக்கிறது. டிபியோ நங்கூரமோ கப்பலை விலகிப் போகாமல் பிடிக்கும். மேலும் கீழும் ஏறி இறங்குவதை எதுவும் பிடிக்காது. 2001 அக்டோபரில் குர்ஸ்க் நீர்மூழ்கியை 108 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்கினார்களே, ஜயன்ட் 4 என்ற பார்ஜிலிருந்து 26 கம்பிக்கற்றை இறங்கியது. ஒவ்வொரு தூக்கு ஜாக்கின் அடியிலும் நைட்ரஜன் நிரப்பிய சிலிண்டர்களைத் தலையணை மாதிரி வைத்தார்கள். பார்ஜ் அலையில் ஏறும்போது அந்தத் தலையணை அமுங்கும், இறங்கும்போது விரியும், கம்பிக்கு வெடுக்கென்ற இழுப்பு விழாது. நமக்கு அந்த வசதி கிடையாது. நமக்கு இருப்பது முகத்தைத் திருப்பி வைப்பதும், நல்ல நேரத்துக்குக் காத்திருப்பதும்தான்.

தொண்டித் தம்பி தண்டல் சொன்னதாக எழுதியதைப் படித்துச் சந்தோஷமாக இருந்தது. அதேதான். நீளமான நைலான் கயிறு, முன்னும் பின்னும் குறுக்கும். கப்பலுக்கும் பார்ஜுக்கும் நடுவே காற்றடைத்த பெரிய ரப்பர் ஃபெண்டர் குறைந்தது நாலு. லாரி டயரைத் தொங்கவிட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இனி சங்கிலி. வாசலில் மாவிலைத் தோரணம் கட்டும்போது பார்த்திருப்பீர்கள், எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நடுவில் கொஞ்சம் தொய்யும். நங்கூரச் சங்கிலியின் உயிரே அந்தத் தொய்வில் இருக்கிறது. சங்கிலியின் கடைசிப் பாகம் கடல் தரையில் படுத்துக் கிடக்க வேண்டும். அப்போது நங்கூரத்துக்கு வரும் இழுப்பு தரையோடு தரையாக வரும், நங்கூரம் கலப்பை மாதிரி உள்ளே இறங்கும். கப்பல் அலையில் ஏறும்போது படுத்துக் கிடக்கும் சங்கிலி கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து அந்த வெடுக்கென்ற இழுப்பை வாங்கிக்கொள்ளும். சங்கிலி குட்டையாக இருந்தால் இழுப்பு மேல்நோக்கி வரும், நங்கூரத்தின் தண்டு தூக்கும், பிடி போய்விடும். ஆழம் 18 என்று கணக்குப் போடாதீர்கள். சங்கிலி வெளியேறும் துளை தண்ணீருக்கு எட்டு மீட்டர் மேலே இருந்தால் உங்கள் ஆழம் 26. அதற்கு ஆறு மடங்கு 156 மீட்டர். சங்கிலியை ஷேக்கிள் கணக்கில் அளப்போம், ஒரு ஷேக்கிள் 27.5 மீட்டர், ஆறு ஷேக்கிள் விட்டால் 165. நான் அதற்குக் குறைய விடமாட்டேன்.

பின் நங்கூரத்துக்கு டக்காரர் கம்பிக்கயிறுதான் கொண்டுவருவார். கம்பி இலேசு, தரையில் படுக்காது. நங்கூரத்தை ஒட்டி ஒரு ஷேக்கிள் நீளமாவது சங்கிலி சேர்க்கச் சொல்லுங்கள்.

வெட்டும் கோணம் கேட்டிருந்தேன். மண்வெட்டியில் தலைக்கும் காம்புக்கும் நடுவே உள்ள கோணத்தைக் கொல்லன் மண்ணுக்கு ஏற்ப வைத்துக் கொடுப்பான் இல்லையா? நங்கூரத்தின் நகத்துக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள கோணமும் அப்படித்தான். இறுகிய மணலுக்குச் சுமார் 32 டிகிரி, இளகிய சேற்றுக்கு 50. சேற்றுக்கு வைத்ததை மணலில் போட்டால் நுனி இறங்காமல் கவிழும். மணலுக்கு வைத்ததைச் சேற்றில் போட்டால் பாய் விரித்த மாதிரி மேலாக வழுக்கிக்கொண்டு வரும். உங்களுக்குச் சேறு இரண்டு மூன்று மீட்டர் என்றால் எந்தப் பக்கம் போவது என்பது நங்கூரத்தின் அளவைப் பொறுத்தது. சின்ன நங்கூரம் சேற்றுக்குள்ளேயே நின்றுவிடும், அதற்கு 50. பெரியது சேற்றைத் தாண்டி மணலைத் தொடும். டக்கின் மாஸ்டரிடம் கேளுங்கள், அவர் பதில் சொல்லும் விதத்திலேயே ஆளைத் தெரிந்துவிடும்.

போட்ட உடனே இழுக்காதீர்கள். சேற்றில் ஒரு இரவு ஊறவிடுங்கள். கலங்கிய சேறு நங்கூரத்தைச் சுற்றி இறுகும், கண்மாய்ச் சேற்றில் இரவெல்லாம் நின்ற வண்டிச் சக்கரத்தை மறுநாள் எடுப்பது எவ்வளவு பாடு என்று தெரியும்தானே. காலையில் எதிரெதிர் நங்கூரங்களை விஞ்சில் இழுத்துச் சோதியுங்கள். நீங்கள் எதிர்பார்க்கும் அதிகபட்ச இழுப்பு வரை ஏற்றி 15 நிமிடம் நிறுத்துங்கள். இழுப்பைக் காட்டும் முள் இறங்காமல் நின்றால் நங்கூரம் பிடித்திருக்கிறது. இறங்கிக்கொண்டே போனால் எடுத்து மறுபடி போடுங்கள். இந்தச் சோதனையை விட்டுவிட்டுச் சரக்கைத் தூக்கச் சொன்னால் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள்.

கோட்டையூர் வேதியியல் டீச்சர்:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரு சின்னப் பங்கைச் சேர்க்கிறேன். நான் கடலுக்குப் போனவள் இல்லை. ஆனால் முதுகலையில் என் ஆய்வு வேலை உப்புநீரில் இரும்பு அரிப்பு. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் இருப்பதால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் ஒரு பிடிப்பு உண்டு. அந்த ஆய்வகத்துக்கு மண்டபத்தில் கடலோரச் சோதனை நிலையமே இருக்கிறது.

தம்பி, வாடகைக்கு வரும் சங்கிலியை வெறும் கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். முழுக்க நீருக்குள் கிடக்கும் இரும்பை விட, நனைந்தும் காய்ந்தும் இருக்கும் இரும்பு வேகமாகக் கரையும், காற்றிலிருக்கும் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைப்பதால். சங்கிலியில் இன்னொரு தேய்மானமும் உண்டு. இரண்டு கண்ணிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் துரு உருவாகும், உரசலில் அது உதிரும், புது இரும்பு வெளியே தெரியும், அது மறுபடி துருப்பிடிக்கும். வெளிப்பக்கம் கனமாகத் தெரியும் கண்ணி உள்வளைவில் மெலிந்திருக்கும். ஒரு காலிப்பர் எடுத்துக்கொண்டு போய், தொடும் இடத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு அளவு எடுத்துச் சராசரி பாருங்கள். முதலில் இருந்த விட்டத்தில் 12 விழுக்காடு குறைந்திருந்தால் அந்தச் சங்கிலியை மாற்ற வேண்டும் என்பது கப்பல் தரச்சான்று அமைப்புகளின் விதி. 50 மில்லிமீட்டர் சங்கிலி என்றால் 44. தடிமன் 12 விழுக்காடு போனால் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 23 விழுக்காடு போயிருக்கும், அதைக் கணக்கில் வையுங்கள்.

தேவகோட்டைத் தம்பி:

ஐயா, அண்ணன், டீச்சர், எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். நேற்றுக் கூட்டத்தில் இதையே சொன்னேன். கப்பலின் முகம் என்று பேச ஆரம்பித்ததும் பார்ஜ்காரர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மேலாளர் வாடகைக் கணக்கு கேட்டார். 2023 செப்டம்பரில் கூடங்குளத்துக்கு ஒவ்வொன்றும் சுமார் 300 டன் எடையுள்ள இரண்டு நீராவிக் கலன்களை ஏற்றிவந்த மிதவை, இழுவைக் கயிறு அறுந்து பாறையில் தட்டி நின்றதை எடுத்துச் சொன்னேன். அதற்குப் பிறகு வாடகை பற்றிக் கேட்கவில்லை. கப்பலுக்கு நாலு நங்கூரம் முடிவாகிவிட்டது. பின் நங்கூரம் இரண்டும் 5 டன், கோணத்தை 50-ல் வைப்பதாக டக் மாஸ்டர் சொல்கிறார்.

ஒரு கேள்வி மிச்சம். சரக்கைப் பார்ஜில் வைக்கும் அந்த நொடி. தரையில் நாங்கள் மெதுவாக, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறக்குவோம். கடலிலும் அதேதானா?

பள்ளத்தூர் ஆங்கர் ஃபோர்மேன்:

இல்லை தம்பி. இதைக் கேட்டீர்களே, அதற்காகவே உங்களை எனக்குப் பிடித்துவிட்டது.

பார்ஜின் தளம் 8 விநாடிக்கு ஒருமுறை மேலே 40 சென்டிமீட்டர், கீழே 40 சென்டிமீட்டர் போய்வருகிறது என்று வையுங்கள். நடுவில் அதன் வேகம் விநாடிக்கு 31 சென்டிமீட்டர். முழு எடையோடு உங்கள் கொக்கி நிமிடத்துக்கு மூன்று மீட்டர் இறங்கினால் அது விநாடிக்கு ஐந்து சென்டிமீட்டர். தளம் கொக்கியை விட ஆறு மடங்கு வேகம். மில்லிமீட்டராக இறக்கினால், தளம் மேலே வந்து சரக்கை முட்டும், ஸ்லிங் தளரும், தளம் கீழே போகும், 180 டன்னும் வெடுக்கென்று ஸ்லிங்கில் தொங்கும். மறுபடி முட்டும். இரண்டு மூன்று முறை அப்படி நடந்தால் ஏதாவது ஒன்று உடையும்.

அதனால் சரக்கைத் தளத்துக்கு ஒரு மீட்டர் மேலே நிறுத்துங்கள். அலைகளை எண்ணுங்கள். பெரிய அலை ஐந்தாறு சேர்ந்து வரும், பிறகு கொஞ்ச நேரம் அடங்கும். அடங்கும்போது இறக்கி, பட்ட உடனே நிற்காமல் கம்பியைத் தொடர்ந்து விட்டுத் தளர்த்துங்கள். தொட்ட பிறகு யோசிக்கக் கூடாது, யோசனை எல்லாம் மேலே நிற்கும்போது முடிந்திருக்க வேண்டும். கிரேன் ஓட்டும் இரண்டு பேருக்கும் இதை முதல் நாளே சொல்லி, காலியாக இருக்கும் கொக்கியில் பழக்கிவிடுங்கள்.

கப்பல் பக்கம் ஒன்று. 15,000 டன் கப்பல், ஜிஎம் (சாய்ந்தால் நிமிரும் திறனைக் காட்டும் அளவு) 2 மீட்டர் என்றால், 180 டன்னை மையக்கோட்டிலிருந்து 20 மீட்டர் வெளியே எடுக்கும்போது ஏழு டிகிரி சாயும். எதிர்ப்பக்கத் தொட்டியில் தண்ணீர் ஏற்றிக்கொண்டே வர வேண்டும். சரக்கு பார்ஜில் உட்கார்ந்ததும் அந்தத் தண்ணீரே கப்பலை மறுபக்கம் சாய்க்கும். கப்பலின் தலைமை அதிகாரியும் நீங்களும் ஒரே ரேடியோவில், ஒரே மொழியில் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. வேலை நடக்கும்போது ஒருமுறை கப்பலின் முன்தளத்துக்குப் போய், பிரேக்கும் ஸ்டாப்பரும் போட்டிருக்கும் சங்கிலியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிடித்திருக்கும் நங்கூரத்தில் இழுப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும், தூங்குகிற மாட்டின் வயிற்றில் கை வைத்த மாதிரி. உழுதுகொண்டு வரும் நங்கூரம் குறுகுறுவென்று அதிரும், நிற்கும், மறுபடி அதிரும். ஒருமுறை உணர்ந்தால் மறக்காது. சங்கிலியில் மட்டும்தான் இது. இழுப்பில் இருக்கும் கம்பிக்கயிறு, நைலான் கயிறு பக்கத்தில் போகவே கூடாது. அறுந்தால் அது திரும்பி வரும் வழியில் எவரும் மிஞ்சமாட்டார்கள்.

தேவகோட்டைத் தம்பி:

மார்ச் முதல் வாரம். கப்பலிலிருந்து எழுதுகிறேன், சிக்னல் கிடைக்கும்போதே. ஆறும் இறங்கிவிட்டது.

முதல் மூன்றும் இரண்டு நாளில் முடிந்தது. நாலாவதைத் தூக்க ஸ்லிங் மாட்டிய பிறகு நிறுத்தினேன். காற்றே இல்லை, கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் 15 விநாடிக்கு ஒருமுறை தெற்கிலிருந்து நீளமாக ஏதோ வந்து பார்ஜைத் தூக்கி வைத்தது. முகம் அதற்கு நேராக இருந்தும் பார்ஜ் அரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்கியது. நிறுத்தியதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பத்தொன்பது மணி நேரம் சும்மா இருந்தோம். மறுநாள் விடிந்ததும் இறக்கினோம்.

முன்தளத்தில் சங்கிலியில் கை வைத்துப் பார்த்தேன், ஐயா. நீங்கள் சொன்னது போலவே இருந்தது. டக் பையன் ஒருவனையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

பின் நங்கூரங்களை எடுக்கும்போது இடது பக்கத்துப் பாயை நங்கூரத்தோடு பிணைக்கும் பென்னன்ட் கம்பியில், சாக்கெட்டை (கம்பி முனையைப் பிடிக்கும் இரும்புக் கூடு) ஒட்டி மூன்று இழை அறுந்திருந்தது. மற்ற இடமெல்லாம் நன்றாகவே இருக்கிறது. அடுத்த வாரம் இதே கம்பியோடு இன்னொரு வேலைக்குப் போகிறார்கள். ஓட்டலாமா?

பள்ளத்தூர் ஆங்கர் ஃபோர்மேன்:

ஓட்டக் கூடாது. சாக்கெட்டை ஒட்டி இழை போனால் மற்ற இடத்தைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். அங்கேதான் கம்பி வளைந்து வளைந்து வேலை செய்கிறது, உள்ளே இன்னும் எத்தனை போயிருக்கிறது என்று வெளியே தெரியாது. அறுந்த இடத்துக்கு மேலே நல்ல கம்பி வரும்வரை வெட்டிவிட்டுப் புதிதாகச் சாக்கெட் ஊற்றிச் சோதனை இழுப்பு பார்க்கச் சொல்லுங்கள். வலது பக்கத்துக் கம்பியின் அதே இடத்தையும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஒரே நாளில் வாங்கிய கம்பியாகத்தான் இருக்கும்.